முறிச்சீட்டு அடிமைத்தனமும் ஜென்னிங்ஸும்



இன்று நான் சொல்லப்போவது அற்புதம் செய்த மகானுடைய சரித்திரமல்ல. அமெரிக்காவில் காடு வெட்டிக் குடியேறிய இந்தியானா என்னும் பிரதேசத்தில், ஜோனாதன் ஜென்னிங்ஸ் என்ற ஒரு வாலிபர் செய்த காரியத்தைப் பற்றியே சொல்ல வந்தேன்.

ஒஹையோ ஆற்றுக்கு வடக்கேயுள்ள அப்பிரதேசத்தில் 1787-ம் வருஷத்துச் சட்டப்படி அடிமைத்தனமே கூடாது. ஆனால் சட்டம் இருந்தால் போதுமா? அதை நடத்துகிறவன் யார் என்று பார்க்க வேண்டாமா? கவர்னர் ஹாரிஸன் தலைமையில் பெரிய மனிதர்கள் 1802-ல் வின்சென்ஸ் நகரில் கூடி, அந்தத் தடையைப் பத்து வருஷம் நிறுத்தி வைக்கும்படி மனுப் போட்டார்கள். மனு பலிக்கவில்லை. உடனே வேறு தந்திரம் செய்தார்கள்.

1805-ல் ஒரு சட்டம் பிறந்தது. நீக்ரோ அடிமையைக் கொண்டுவரும் எஜமான், 30 நாளைக்குள் கோர்ட்டு குமாஸ்தா முன் நிறுத்தி, இத்தனை வருஷம் ஊழியம் செய்யச் சம்மதம் என்று முறிச்சீட்டு எழுதி வாங்கலாம். சம்மதிக்காவிட்டால்? 60 நாளைக்குள் அடிமைத்தனமுள்ள சீமைக்குத் திருப்பி ஓட்டிப் போகலாம்! கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு "சம்மதந்தானே?" என்று கேட்பதற்குப் பெயர் ஒப்பந்தமாம்! 90 வருஷத்துக்குங்கூட முறி எழுதினார்கள். அந்த ஊழியத்தில் பிறந்த ஆண் 30 வயது வரையிலும், பெண் 28 வயது வரையிலும் உழைக்க வேண்டும். வயிற்றிலிருந்த பிள்ளை எந்தச் சீட்டில் கீறல் வைத்தது, தோழர்களே?

இதில் மதம் சும்மா இருக்குமா? நோவாவின் சாபத்தால்தான் கறுப்பர் அடிமைகளானார்கள் என்று வேதத்தைக் காட்டிய பாதிரிமார் அமெரிக்காவில் பலர். ஜென்னிங்ஸும் ஒரு பாதிரியார் மகன்தான். ஆனால் அவர் வோட்டுக் கேட்டது வேதத்தைக் காட்டியல்ல. அடிமைத்தனம் கூடாது என்று சொல்லியே கேட்டார்.

1809-ல் பிரதேசத்தின் பிரதிநிதியாக அமெரிக்கக் காங்கிரஸுக்கு அவர் போட்டியிட்டபோது வயது 25. எதிராளி ராண்டால்ப், கவர்னரின் சிநேகிதர். ஒரு கதை சொல்வார்கள்: ஊரார் கூடி வெட்டுமரங்களை உருட்டி அடுக்கிய இடத்துக்கு ராண்டால்ப் வந்து, வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார், ஜென்னிங்ஸோ சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டை உருட்டினார். கதை எப்படியோ, கணக்கு இது: ஜென்னிங்ஸுக்கு 428, ராண்டால்புக்கு 402. இருபத்தாறே வோட்டு!

மறுவருஷமே 1805-ம் வருஷத்துச் சட்டம் ரத்தாயிற்று. 1816-ல் கோரிடன் ஊரில் 43 பிரதிநிதிகள் கூடி அரசியல் சட்டம் வகுத்தார்கள். அக்கிராசனர் ஜென்னிங்ஸே. அடிமைத்தனத்தை என்றைக்கும் புகுத்தக்கூடாதென்று அதில் எழுதினார்கள். அவ்வருஷமே அவர் இந்தியானா ராஜ்யத்தின் முதல் கவர்னரானார்.

அப்படியும் 1820-ம் வருஷத்து ஜனக்கணக்கில் 190 அடிமைகள் அங்கே இருந்தார்கள்! எஜமானர்கள் தாமாக விடவில்லை. 20 வருஷ முறியில் கட்டுண்ட மேரி கிளார்க் என்ற கறுப்புப் பெண் கோர்ட்டுக்குப் போனார். விடுதலை கேட்டு வந்திருப்பதே அவளுக்குச் சம்மதமில்லை என்பதற்கு ருஜு என்று 1821-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லி அவரை விடுவித்தது. சட்டம் செய்தவர் ஜென்னிங்ஸ் கூட்டத்தார். அதற்கு உயிர் கொடுத்தது அந்தப் பெண்ணின் துணிவு.

ஜென்னிங்ஸை அவதாரமாக்க நான் வரவில்லை. அந்த அரசியல் சட்டம் வோட்டை வெள்ளை ஆண்களுக்கே கொடுத்தது. 1818-ல் செவ்விந்தியர் நிலங்களை ஒப்பந்தமென்று எழுதி வாங்கியவர்களில் அவரும் ஒருவர். முறிச்சீட்டின் பித்தலாட்டம் தெரிந்தவருக்கு இது தெரியாமற் போயிற்றே! பிற்காலத்தில் குடிக்கும் கடனுக்கும் ஆளாகி 1834-ல் இறந்தார்.

ஆகவே மனிதனுக்குப் படம் வைத்துப் பூப்போட வேண்டாம். அவன் செய்த காரியத்தைத் தராசில் நிறுங்கள். "அவனே சம்மதித்தான்" என்று எவன் சொன்னாலும், "மறுத்திருந்தால் அவன் கதி என்ன?" என்று கேளுங்கள். நான் சொன்னதற்காக நம்ப வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள்.