வெல்வெட் தொப்பியும் வைக்கோல் பிரியும்

கொஞ்ச நாளா என் ஃபீட் முழுக்க குதிரைதான். குதிரைன்னா வெறும் குதிரை இல்ல. ட்வீட் கோட்டு, பழுப்பு பூட்ஸ், கழுத்துல ஒரு வெள்ளைத் துணி, பின்னாடி மழையில நனைஞ்ச இங்கிலாந்து. 'ஓல்டு மணி லுக்'னு இதுக்குப் பேரு வேற. போட்டோ போடுறவங்கள்ல பாதிப் பேர் குதிரை பக்கத்துல போனா தும்முவாங்க, அது வேற கதை. ஆனா நிஜமாவே சவாரி செய்யுற ஆட்கள்கிட்டயும் இந்த ஏக்கம் இருக்கு. அந்தக் காலத்துத் தோல் சேணம் மாதிரி வருமா, அந்தக் காலத்து லாயம் மாதிரி வருமான்னு ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்க. எனக்கும் அந்த வியாதி உண்டு. சேணத்துக்குப் போடுற கிளிசரின் சோப்பு வாசனை வந்தா போதும், நான் காலி.

அதனால இன்னைக்கு இந்த ஏக்கத்தைக் கொஞ்சம் பிரிச்சு மேயலாம். எது திரும்பி வரணும், எது வரவே கூடாது, முக்கியமா, இது யாரோட ஏக்கம்?

முதல்ல உடை. பழைய சவாரி உடைன்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது ஜாட்பூர்ஸ். தொடையில பலூன் மாதிரி புடைச்சு, முழங்காலுக்குக் கீழ ஒட்டிப் பிடிக்கிற கால்சட்டை. பக்கா இங்கிலீஷ்னு நினைப்போம். பேரே சொல்லுது, ராஜஸ்தான் ஜோத்பூர்ல இருந்து போனது. அந்த அரச குடும்பத்தைச் சேர்ந்த சர் பிரதாப் சிங் போலோ விளையாட்டுல பெரிய கில்லாடி. 1897-ல் விக்டோரியா ராணியோட வைர விழாவுக்கு லண்டன் போனப்போ அவரும் அவரோட ஆட்களும் போட்டிருந்த கால்சட்டையைப் பார்த்துத்தான் அங்கே அது ஃபேஷனா பரவினது. நம்ம சுடிதாரோட சொந்தக்காரன்தான் அது.

அந்தப் புடைப்பு அழகுக்காக வந்தது இல்ல. அப்போ துணி இழுத்தா நீளாது. குதிரை மேல உட்கார காலை அகட்டணும், முழங்காலை மடக்கணும். இடுப்புலயும் தொடையிலயும் தாராளமா துணி விட்டாத்தான் அது முடியும். கீழ கணுக்கால் வரை இறுக்கமா இருந்ததால சேணத்துல கால் உரசிப் புண்ணாகாது, முழங்கால் உயர பூட்ஸும் தேவைப்படல. கணுக்கால் உயர பூட்ஸ் போதும். அதனாலதான் அந்த பூட்ஸுக்கும் ஜாட்பூர்னே பேரு. 1958-ல் ஸ்பான்டெக்ஸ் இழை கண்டுபிடிச்சாங்க. துணியே நீள ஆரம்பிச்ச பிறகு புடைப்புக்கு வேலை இல்ல. இன்னைக்கு யாராவது புடைச்ச ஜாட்பூர்ஸ் தைச்சுக்கிட்டா, அது ஃபேன்சி டிரஸ். தப்பு இல்ல, ஆனா அதுதான் உண்மை.

கோட்டும் அப்படித்தான். பின்பக்கம் ஏன் அவ்வளவு நீளமா வெட்டு விட்டிருக்குன்னா, உட்கார்ந்ததும் சேணத்துக்கு ரெண்டு பக்கமும் விரிஞ்சு விழணும். பாக்கெட் ஏன் சாய்வா இருக்குன்னா, உட்கார்ந்தபடியே கையை விடணும். கழுத்துல கட்டுற வெள்ளைத் துணிக்கு ஸ்டாக்னு பேரு. வேட்டைக்குப் போன இடத்துல யாராவது விழுந்து கை உடைஞ்சா, அதையே அவிழ்த்துத் தொட்டில் கட்டலாம். குதிரைக்கு அடிபட்டா கட்டுப் போடலாம். அதுல குத்துற ஊசியைக் கிடைமட்டமாத்தான் குத்தணும், செங்குத்தா குத்தினா விழும்போது தொண்டையில ஏறிடும்னு ஒரு விதி. எனக்கு இந்த மாதிரி விஷயம்தான் பிடிக்கும். ஒவ்வொரு தையலுக்குப் பின்னாடியும் யாரோ ஒருத்தர் விழுந்திருக்காங்க.

இப்படி எல்லாத்தையும் யோசிச்சுத் தைச்சவங்க, தலையை மட்டும் கோட்டை விட்டாங்க. அந்தக் கருப்பு வெல்வெட் தொப்பி இருக்கே, பின்னாடி சின்ன ரிப்பன் வைச்சது, பார்க்க அவ்வளவு அழகு. ஆனா பழைய தொப்பிகள்ல தாடைக்குக் கீழ வார் கிடையாது, இருந்தாலும் ஒரு மெல்லிய எலாஸ்டிக். குதிரை உங்களைத் தூக்கி எறிஞ்சா, நீங்க தரையில விழறதுக்கு முன்னாடியே தொப்பி கழன்று போயிருக்கும். ட்ரஸ்ஸாஜ் போட்டிகள்ல, அதாவது குதிரையை நடனம் மாதிரி நடத்திக் காட்டுற போட்டிகள்ல, பெரிய நிலையில உயரமான 'டாப் ஹேட்'தான் மரபு. அது தலையைக் காப்பாத்தும்னு யாரும் சொன்னதே இல்ல.

2010 மார்ச் மாதம் ஃபுளோரிடாவில் கோர்ட்னி கிங்-டை பயிற்சியில இருந்தார். பெய்ஜிங் ஒலிம்பிக்ல அமெரிக்காவுக்காகக் கலந்துக்கிட்டவர். அவர் ஏறியிருந்த குதிரை கால் தடுக்கி விழுந்தது. தலையில ஹெல்மெட் இல்ல. மண்டை எலும்பு உடைஞ்சு பல வாரம் கோமா; அப்புறம் நடக்க, பேச எல்லாம் புதுசா கத்துக்க வேண்டியிருந்தது. குதிரை முரண்டு பிடிக்கல, அவருக்கு அனுபவம் குறைவும் இல்ல. வெறும் ஒரு தடுக்கல். அதுக்கப்புறம்தான் அந்த உலகத்துல காத்து மாறிச்சு. 2012 லண்டன் ஒலிம்பிக்ல ஷார்லட் டுஜார்டின் ஹெல்மெட் போட்டுக்கிட்டே தங்கம் வாங்கினார். 2021-ல் சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கிடுச்சு, டாப் ஹேட் போயே போச்சு. அப்பவும் 'பாரம்பரியம் போச்சே'ன்னு புலம்பினவங்க உண்டு. என்கிட்ட கேட்டா, அந்தப் பாரம்பரியத்தை நல்லா அடக்கம் பண்ணி பால் ஊத்திடலாம்.

தோல் விஷயத்துல நான் வேற கட்சி. பழைய தோல் சேணம், கடிவாளம் எல்லாத்தையும் சவாரி முடிஞ்சதும் தனித்தனியா கழட்டி, வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால வியர்வையைத் துடைச்சு, சோப்பை நுரை வராம தேய்க்கணும். நுரை வந்தா தண்ணி அதிகம்னு அர்த்தம். இது தினமும். கேட்டாலே கை வலிக்குது இல்ல? இப்போ செயற்கைச் சேணம் வந்தாச்சு, ஹோஸ் பைப்பால அடிச்சுக் காய வைச்சா முடிஞ்சது. மழைக்கும் தாங்கும், விலையும் கம்மி, எடையும் கம்மி. ஆனா அந்தத் தினசரித் துடைப்புல ஒரு லாபம் இருந்தது. ஒவ்வொரு வாரும் கைவிரல் வழியா போகும். அங்கவடி வார்ல தையல் இத்துப் போயிருந்தா, வயித்துக்கு அடியில கட்டுற வார் கொக்கிகிட்ட வெடிச்சிருந்தா, விரலுக்குத் தெரிஞ்சிடும். அது தெரியாம ஓட்டத்துல அறுந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

நடுவுல ஒரு சின்ன விஷயம். இங்கிலீஷ் சேணம்னாலே வால்சால்தான் ஊர். அந்த ஊர் கால்பந்து கிளப்போட செல்லப் பேரே 'சேணக்காரர்கள்'. ஆனா இன்னைக்கு உலகம் பூரா லாயங்கள்ல தொங்குற சேணம், கடிவாளத்துல நிறைய நம்ம கான்பூர்ல தைச்சது. 1860-களில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக அங்கே அரசு சேணத் தொழிற்சாலை ஆரம்பிச்சதோட தொடர்ச்சி அது.

சரி, லாயத்துக்கு வருவோம். பழைய பிரிட்டிஷ் லாய நடைமுறைன்னு ஏங்குறவங்க பெரும்பாலும் சொல்றது இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் வந்த காலத்தை. குதிரைப்படையில இருந்து ஓய்வு பெற்றவங்க பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லிக் கொடுத்த காலம். 1929-ல் தொடங்கின போனி கிளப், 1950-ல் வந்த அவங்களோட கையேடு, இதெல்லாம்தான் அந்தத் தலைமுறைக்கு வேதம். வைக்கோல் படுக்கையைச் சுவரோரமா கரை கட்டி விரிக்கணும். லத்திக் குப்பையைக் கூட செங்கல் சூளை மாதிரி சதுரமா அடுக்கணும்! ராணுவ மூளை.

அதுல என்னை மயக்கின ஒரு பொருள் 'விஸ்ப்'. உலர்ந்த புல்லை லேசா நனைச்சு, கயிறாத் திரிச்சு, அதை மடக்கி மடக்கிப் பின்னி, உள்ளங்கை அளவுல ஒரு திண்டு செய்வாங்க. எங்க பாட்டி வைக்கோல் பிரியைச் சுத்திப் பானைக்கு அடியில வைக்குற பிரிமணை ஞாபகம் வந்தது. கிட்டத்தட்ட அதே கைவேலை. சவாரி முடிஞ்சு உடம்பு சூடா இருக்கும்போது அந்தத் திண்டால கழுத்து, தோள், பின்தொடைச் சதையில தாளம் போட்டு அடிச்சு அடிச்சுத் தேய்ப்பாங்க. இடுப்புல, எலும்பு துருத்துற இடத்துல அடிக்கக் கூடாது. நல்லாச் செஞ்சா ஆளுக்கு வியர்த்துடும். ரத்த ஓட்டம் கூடும், சதை இறுகும்னு காரணம் சொன்னாங்க. எனக்குத் தோணுற காரணம் வேற. தினமும் அவ்வளவு நேரம் ஒரு குதிரை மேல கை வைச்சா, எந்தக் கால் வழக்கத்தை விடச் சூடா இருக்கு, எங்க புதுசா வீங்கியிருக்குன்னு கைக்கே தெரியும். நான் சவாரி கத்துக்கிட்ட லாயத்துல ஒரு அண்ணன் இருந்தார். எந்த விஸ்ப்பும் தெரியாது, எந்தக் கையேடும் படிச்சதில்ல. காலையில லாயத்துக்குள்ள நுழைஞ்சதும் ஒவ்வொரு குதிரையோட நாலு காலையும் தடவிட்டுத்தான் டீ குடிப்பார். 'இன்னைக்கு இவன் வேணாம் பாப்பா'ன்னு ஒரு நாள் சொன்னார். பார்த்தா நல்லா நடக்குது. டாக்டர் வந்து பார்த்தார், தசைநார்ல வீக்கம்.

தீனி விஷயத்துல பழசு எல்லாம் நல்லது இல்ல. வாரம் ஒரு நாள் கோதுமைத் தவிட்டைக் கொதிநீர்ல ஊற வைச்சு 'பிரான் மேஷ்'னு கொடுப்பாங்க, குதிரைக்கு விருந்து. ஆனா தவிட்டுல பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் ரொம்பக் கம்மி. அதையே நிறைய, தொடர்ந்து கொடுத்தா எலும்பு பலவீனமாகும். திடீர்னு ஒரு நாள் தீனியை மாத்தினா குடலும் ஒத்துக்காது. நம்ம பக்கம் அதுக்குப் பதிலா வேக வைச்ச கொள்ளு. இங்கிலீஷ்ல அதுக்குப் பேரே குதிரைப் பயறுன்னுதானே!

சில வழக்கங்களை நினைச்சா வயிறு கலங்கும். வண்டிக் குதிரையோட தலை எப்பவும் நிமிர்ந்து கம்பீரமா தெரியணும்னு 'பேரிங் ரெயின்'னு ஒரு வாரை இழுத்துக் கட்டி வைப்பாங்க. மேடு ஏறும்போது குதிரை தலையைத் தாழ்த்தித்தான் பாரம் இழுக்கும். அதைத் தாழ்த்தவே விடாது அந்த வார். 1877-ல் ஆன்னா சீவெல் 'பிளாக் பியூட்டி' நாவல்ல குதிரையோட வாயாலேயே இதைச் சொல்ல வைச்சார். வாலை வெட்டுற பழக்கத்துக்கு பிரிட்டன்ல சட்டம் போட்டுத் தடை வந்தது 1949-ல்தான். பழைய போட்டோவுல அந்த நிமிர்ந்த தலையைப் பார்த்து 'என்ன அழகு'ன்னு கமென்ட் போடுறதுக்கு முன்னாடி, அது எதால நிமிர்ந்து நிக்குதுன்னு ஜூம் பண்ணிப் பாருங்க.

இன்னொன்னும் பாருங்க. போட்டோவோட ஓரத்துல கடிவாளத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் நிப்பார். கோட்டுக்காரர் பேரு கீழ இருக்கும், இவர் பேரு இருக்காது. வட இந்தியாவுல சைஸ்னு சொல்லுவாங்க. மதராஸ் மாகாணத்துலயும் இலங்கையிலயும் வெள்ளைக்காரங்க 'ஹார்ஸ்கீப்பர்'னாங்க, நம்ம ஆளுங்க குதிரைக்காரன்னாங்க. துரை குதிரையில போனா இவர் பின்னாடியே ஓடணும், ஈ விரட்டணும், இறங்கின இடத்துல பிடிச்சுக்கிட்டு நிக்கணும். நான் இவ்வளவு நேரம் உருகின தோல் துடைப்பு, மாலிஷ், சதுரமா அடுக்கின குப்பை எல்லாம் யார் நேரம்? இங்கிலாந்துலயும் பெரிய வீடுகள்ல குறைஞ்ச கூலிக்கு லாயத்து மாடியில படுத்துக்கிட்ட பையன்கள் செஞ்சது. குதிரைக்காரங்க எழுதின ஏக்கக் கட்டுரை ஒண்ணு கூட என் கண்ணுல பட்டதில்ல. சவாரி செஞ்சவங்க எழுதினதுதான் எல்லாம்.

அதனால எனக்கு அந்த வேலை திரும்பி வரணும், ஆனா ஏறுறவங்க கைக்கு வரணும். வார இறுதியில ஒரு மணி நேர சவாரிக்குப் பணம் கட்டிட்டு, தயாரா நிக்குற குதிரையில ஏறி, இறங்கி, ரீல் போட்டுட்டுப் போறோம். ஒரு இருபது நிமிஷம் முன்னாடி போய் 'அண்ணா, நான் தேய்க்கவா?'ன்னு கேளுங்க. முதல்ல சிரிப்பாங்க. அப்புறம் பிரஷ்ஷைக் கையில கொடுத்து எங்கே தொடக் கூடாதுன்னு சொல்லிக் கொடுப்பாங்க.

கடைசியா ஒரு கேள்வி. நான் போன லாயங்கள்ல எனக்கு ஹெல்மெட் இல்லாம ஏற விட்டதே இல்ல, நல்ல விஷயம். ஆனா காலையில குதிரைகளுக்கு நடை கொடுக்க ஏறுற அண்ணன்கள் தலையில துண்டுதான். முரட்டுக் குதிரை வந்தா முதல்ல ஏறுறதும் அவங்கதான். உங்க லாயத்துல எப்படின்னு பார்த்துட்டு எழுதுங்க, மெயில் ஐடி வழக்கமான இடத்துல இருக்கு. அடுத்த வாரம் பார்ப்போம்.