பூட்டுக்குள் இருக்கும் வரி

பதுளை நகரில் வற் பதிவுள்ள ஒரு ஹார்ட்வெயார் கடை ஆமைப்பூட்டு ஒன்றை 2,360 ரூபாவுக்கு விற்கிறது என்று வைத்துக்கொண்டால், அதில் பூட்டின் விலை 2,000 ரூபா. மீதி 360 ரூபா பெறுமதி சேர் வரி. மக்கள் வாயில் அது வெறும் 'வற்'. வரி 18 சதவீதம் என்று கேட்டவுடன் பலர் 2,360 ரூபாவுக்கு 18 சதவீதம் போட்டு, ஏறக்குறைய 425 ரூபா வரியாகப் போயிற்று என்பார்கள். அந்தக் கணக்குப் பிழை. வரி ஏறுவது வரிக்கு முந்திய விலையின்மேல். கையில் கொடுக்கும் காசில் வரியின் பங்கு 118இல் 18, அதாவது நூறு ரூபாவில் ஏறக்குறைய 15 ரூபா 25 சதம்.

இந்த வரிக்கு முன்னால் வந்தவை பல. புரள்வு வரி ஒரு காலத்தில் மாகாண சபைகளின் கையிலும் இருந்தது. மொத்த, சில்லறை வியாபாரத்தின்மேல் பதுளை அடங்கிய ஊவா மாகாணமும் அதை அறவிட்டது. 2011 ஜனவரியோடு அது நின்றது. அது நிற்பதற்கு வெகு முன்பே, 1992இல், தேசிய பாதுகாப்பு வரி என்ற பெயரில் ஒன்று வந்தது. 1983 ஜூலை இனக்கலவரத்தில் பதுளை நகரில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது எந்தப் பூட்டும் எதையும் காக்கவில்லை. அதே நகரத்து மக்கள் ஒன்பது ஆண்டு கழித்து, வாங்கும் பொருளுக்கெல்லாம் பாதுகாப்பின் பெயரால் காசு கொடுக்கத் தொடங்கினார்கள். 1998இல் வந்த பொருட்கள், சேவைகள் வரியும் இந்தப் பாதுகாப்பு வரியும் சேர்ந்து கரைந்த இடம்தான் 2002ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கப் பெறுமதி சேர் வரிச் சட்டம். பெயர் போயிற்று, அறவீடு நிலைத்தது. 2022 ஒக்டோபரில் அந்தச் சொல் வேறு உருவில் திரும்பியது: சமூகப் பாதுகாப்பு உதவுதொகை, 2.5 சதவீதம். வீட்டுப் பாதுகாப்புக்காக ஒரு தாழ்ப்பாள் வாங்குகிறவர் இந்தச் சமூகப் பாதுகாப்புக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார்.

வற் வீதம் ஒரே இடத்தில் நின்றதில்லை. 2019 டிசெம்பரில் 15இலிருந்து 8 சதவீதமாகக் குறைந்தது. 2022 ஜூனில் 12, அதே ஆண்டு செப்டெம்பரில் 15, 2024 ஜனவரி முதல் 18. வீதம் மட்டும் ஏறியிருந்தால் சேதம் அளவோடு இருந்திருக்கும். 2022இல் ரூபாவும் விழுந்தது. 50 டொலர் பெறுமதியான ஒரு கண்காணிப்புக் கமராவை எடுத்துக்கொள்ளலாம். மற்ற வரிகளையும் கடைக்காரரின் இலாபத்தையும் ஒதுக்கி வைத்து, டொலர் 200 ரூபாவாகவும் வற் 8 சதவீதமாகவும் இருந்த நாளில் கணக்கிட்டால், விலை 10,000, வரி 800. டொலர் 300 ரூபாவாகி வரி 18 சதவீதமான பிறகு விலை 15,000, வரி 2,700. வீதம் இரண்டேகால் மடங்கு. வரிப்பணமோ மூன்று மடங்கையும் தாண்டியது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. கமராவின் வரி மட்டும் அந்தச் சம்பளத்தில் சரியாக இரண்டு முழுப்பேர், அதாவது இரண்டு நாள் வேலை.

பூட்டு, கீல், கமரா, மின்விளக்கு எனப் பெரும்பாலானவை கப்பலில் வருகின்றன. துறைமுகத்தில் வற் கணக்கிடும் முறையைக் கவனிக்க வேண்டும். பொருளின் சுங்கப் பெறுமதி, அதன்மேல் இன்னொரு 10 சதவீதம், சுங்கத் தீர்வை, செஸ் இருந்தால் அது, துறைமுக, விமானநிலைய அபிவிருத்தி அறவீடு ஆகிய எல்லாவற்றையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்குத்தான் 18 சதவீதம் போடுகிறார்கள். வரிக்கே வரி என்று சந்தையில் சொல்வது வெறும் புலம்பல் அல்ல. சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே, தொடக்கத்தில் சொன்ன பூட்டின் 2,000 ரூபாவுக்குள்ளேயே வேறு வரிகள் குடியிருக்கின்றன. பற்றுச்சீட்டில் அவை தெரியாது. அப்பொருள் கொழும்பிலிருந்து பெரகல, ஹப்புத்தளை வழியாக மலையேற வேண்டும். 2024 ஜனவரியில் டீசலும் வற்றுக்குள் வந்தபின், லொறிக் கூலி வழியாக அந்த வரியும் விலையில் ஏறிக்கொண்டது.

பதிவுள்ள வியாபாரி தாம் வாங்கும்போது கொடுத்த வற்றை, விற்கும்போது வசூலித்த வற்றிலிருந்து கழித்துக்கொள்ளலாம். இறக்குமதியாளரும் கழிக்கிறார், மொத்த வியாபாரியும் கழிக்கிறார். வீட்டுக்காரருக்குக் கழிக்க இடமில்லை. அவருக்குப் பின்னால் வாங்க ஆளில்லை. சமூகப் பாதுகாப்பு உதவுதொகைக்கு இந்தக் கழிவே கிடையாது. எந்தப் படியில் ஏறுகிறதோ அங்கேயே விலையோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆண்டுக்கு 60 மில்லியன் ரூபாவுக்கு, அதாவது ஆறு கோடிக்கு, மேல் வரிக்குரிய விற்பனை உள்ளவர்தான் கட்டாயமாக வற்றுக்குப் பதிய வேண்டும் என்ற எல்லை 2024இல் வந்தது. பசறையிலோ லுணுகலையிலோ உள்ள சிறிய வெல்டிங் கடை இதற்குள் அகப்படாது. அங்கே யன்னலுக்குக் கிறில் அடித்தால் வரி எங்கே விழுகிறது? இரும்பு, பெயின்ட், வெல்டிங் கூர் ஆகியவற்றுக்கு வரிக்கு முந்திய விலை 20,000 ரூபா, கூலி 10,000 ரூபா என்று கொண்டால், பொருளின் வரி 3,600, கூலிக்கு வரியில்லை. மொத்தம் 33,600. இதே வேலையைப் பதிவுள்ள பெரிய நிறுவனம் இதே விலைக்கு எடுத்தால், முழு 30,000 ரூபாவுக்கும் வரி 5,400, மொத்தம் 35,400. சட்டத்தில் 18 என்று இருக்கும் வீதம், ஊர் வெல்டரின் கையில் உண்மையில் 12 ஆகிறது. ஆகவே, கூலி அதிகமும் பொருள் குறைவுமான வேலையில் ஊர்க் கைவினைஞர் மலிவு. பெட்டியோடு வரும் கமராவில் அந்த வித்தியாசம் கரைந்துவிடும், ஏனென்றால் அதில் பொருத்தும் கூலி கொஞ்சம்தான்.

பதிவில்லாத கடை தன் பற்றுச்சீட்டில் 'வற்' என்று தனிவரி எழுதிக் காசு வாங்கக் கூடாது. பதிவுள்ள கடை தன் பதிவுச் சான்றிதழை வியாபார இடத்தில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். சுவரைப் பார்த்துவிட்டுப் பணப்பையைத் திறப்பது நல்ல பழக்கம்.

தேயிலைக் கொழுந்து பறிக்கும் குடும்பத்தின் தகரக் கதவுக்கு வாங்கும் நாதாங்கிக்கும், எல்லயின் விடுதிக்கு வாங்கும் எட்டுக் கமராவுக்கும் வீதம் ஒன்றே. இதைச் சமநீதி என்பதா? விடுதி பதிவுபெற்றதாக இருந்தால், தன் வரியைக் கழித்தோ அறை வாடகையில் ஏற்றியோ கைகழுவிக்கொள்ளலாம். லயம் என்ற தோட்ட வரிசைவீட்டில் இருக்கும் குடும்பம் யார்மேல் ஏற்றும்? பொருளுக்குத்தான் வரி, ஆளுக்கு அல்ல என்ற நியாயம், தாளில் பார்க்கும்போது மட்டும்தான் நேராகத் தெரிகிறது.

இத்தனைக்கும், லயத்தில் பூட்டுக்குச் செலவு குறைவாகவே இருந்து வந்திருக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் ஒன்றோடொன்று சுவர் பகிர்ந்து நிற்கும் வரிசையில், முன்பக்கம் ஒரு கதவு. பெரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்கு, போனவர் வீட்டை, வயதாகி வேலைக்குப் போகாத பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துக்கொள்வார். அந்நியர் காலடி கேட்டால் நாய்கள் மொத்த லயத்தையும் எழுப்பும். இந்தக் காவலுக்கு வற் இல்லை. செலவு குறைவாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது அவ்வளவு இனிப்பானது அல்ல: லயம் தோட்டக் கம்பனிக்குச் சொந்தம். சொந்தமில்லாத சுவரில் பதித்த கிறிலைப் பிடுங்கிக்கொண்டு போக முடியாது.

இப்போது தனி வீடுகள் வருகின்றன. இந்திய உதவி வீட்டுத் திட்டத்தில் தனிக் காணியில் 550 சதுர அடி வீடு என்பது அளவு. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் நடந்த விழாவில் தோட்டக் குடும்பங்களுக்கு வீட்டு உரிமைப் பத்திரங்கள் கையளிக்கப்பட்டன. தனி வீட்டுக்கு முன்கதவு, பின்கதவு, நாலு பக்கமும் யன்னல். பகிர்ந்த சுவர் போய்விட்டது. பாட்டியின் கண் எட்டாது. கிறில், வேலி, வாசல் விளக்கு என்று புதிதாக வாங்கும் ஒவ்வொன்றும் வரிக்குட்பட்ட பொருள். சொந்த வீடு கிடைத்தபோதுதான் இந்த வரியும் வீட்டுவாசலுக்கு வந்தது.

ஊவாவில் வீட்டுப் பாதுகாப்பு திருடனோடு முடிவதுமில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின் மழை பதுளை மாவட்டத்தை மறுபடியும் பிளந்தது. இங்கே பல வீடுகளுக்குப் பூட்டைவிட அவசரமானது மண் சரியாமல் தாங்கும் சுவரும் மழைநீரைத் திருப்பிவிடும் கானும். அவற்றுக்கு வேண்டிய சீமெந்துக்கும் கம்பிக்கும் அதே 18 சதவீதம். ஒரு பூட்டில் 360 ரூபாவாக இருந்த வரி, வரிக்கு முந்திய விலையில் இரண்டு லட்சம் ரூபாவுக்குச் சீமெந்தும் கம்பியும் விழுங்கும் சுவரில் 36,000 ரூபா. 2024இல் வந்த 1,350 ரூபாச் சம்பளத்தில் அது கிட்டத்தட்ட 27 நாள் வேலை.