அநாதைகளின் ஹக்கை விட்டுவிடாதீர்கள்!

(கொல்லிமலைக்கு ஏறி இறங்கும் வியாபாரிகள், இளைஞர்களிடையே ஆற்றிய உரை)



காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். மிளகும் வாழைத்தாரும் ஏற்றி இறங்கும் உங்களுக்கு அந்தப் பாதையின் ஆபத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. பிறர் கவனக்குறைவால் ஓர் உயிர் போய்விட்டால் குடும்பத்தார் என்ன செய்ய வேண்டும்? அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

ஜனாஸா அடக்கமாகும் முன்பே எதிர்த்தரப்பு ஒரு தொகையை நீட்டும். "எல்லாம் தக்தீர், கேஸ் எதற்கு?" என்பார்கள். நாமும் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். தக்தீரை நம்புவது ஈமான். அநாதைகளின் ஹக்கைத் தாரை வார்ப்பது ஈமானல்ல. தவறுதலாக நேர்ந்த கொலைக்கும் வாரிசுகளுக்கு தியத் உண்டு என்பது குர்ஆனின் சட்டம் (4:92).

போலீஸ் வழக்கு ஓட்டுநருக்குத் தண்டனை வாங்கித் தரும். வீட்டில் உலை வைக்காது. அதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவில் தனி மனு போட வேண்டும். விபத்து நடந்த பகுதியின் தீர்ப்பாயத்திலும் போடலாம், நீங்கள் குடியிருக்கும் பகுதியிலும் போடலாம்.

கணக்கைப் பாருங்கள். மாதம் 10,000 சம்பாதித்த 35 வயது வியாபாரி. மனைவி, இரு பிள்ளைகள், தாய். எதிர்கால வருமானத்திற்கு 40 சதவீதம் கூட்டி, அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் மாதம் 10,500. ஆண்டுக்கு 1,26,000. அதைப் பதினாறால் பெருக்கினால் 20,16,000 ரூபாய்! 2009, 2017 உச்சநீதிமன்றத் தீர்ப்புகள் வகுத்த கணக்கு இது. வருமானத்திற்கு ஆதாரம் வேண்டும். எனவே கணக்கு எழுதி வையுங்கள்.

யார் மீது தவறு என்று நிரூபிக்க முடியாவிட்டால் 164ஆம் பிரிவில் 5 லட்சம் உண்டு. அதை வாங்கினால் 166 மனு முடிந்துவிடும். இடித்த வாகனம் தெரியாவிட்டால் 2 லட்சம்.

2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் கெடு ஆறு மாதம். இத்தாவே நான்கு மாதம் பத்து நாள். "இத்தா முடியட்டும்" என்று இருந்தால் மிஞ்சுவது இரண்டு மாதம்கூட இல்லை! வக்கீலை வீட்டுக்கே அழைத்துக் கையெழுத்து வாங்கலாம். பெண்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம். போஸ்ட்மார்ட்டம் வேண்டாம் என்று மறுக்காதீர்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வழக்கு நொண்டும்.

ஒன்றை மறவாதீர்கள். நம் வண்டியில் அடிபட்டு ஒரு மலைவாசி இறந்தாலும் அவர் குடும்பத்திற்கும் இதே ஹக்கு உண்டு. இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியை மலையேற்றாதீர்கள்.

இளைஞர்களே! மஹல்லாவுக்கு இருவர் பொறுப்பெடுங்கள். மௌத்து வீட்டில் மூன்றாம் நாள் சோறு ஆக்குவதோடு எப்.ஐ.ஆர். நகலையும் வாங்கிக் கொடுங்கள். அதுவும் இபாதத்தே! வஸ்ஸலாம்.