கொடுத்துச் சிவந்த கையும் கொன்று சிவந்த கையும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையிலே நான் சினிமாவைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று அறிந்தபோது பெரியவர்கள் சிலர் முகஞ்சுளித்திருக்கக்கூடும். சமயமும் தமிழும் முழங்கவேண்டிய இடத்திலே கூட்டக் கொலைகாரர் படங்களுக்கு என்ன அலுவல் என்று அவர்கள் கேட்டால், அது நியாயமான கேள்விதான். ஆயினும் ஒன்றைச் சொல்லவேண்டும். நம் பிள்ளையொருவன் பாரதக் கதையை ஆண்டுக்கொரு முறை கேட்டால், அடியாட்களின் கதையைக் கைத்தொலைபேசியிலே மாதத்துக்குப் பத்து முறை பார்க்கிறான். தீமை என்பது எது, அது எந்த வழியாக மனிதனுக்குள் நுழைகிறது என்ற பாடத்தை அவனுக்கு இன்று கற்பிப்பது அந்தத் திரைதான். கற்பிப்பவன் சரியாகக் கற்பிக்கிறானா என்று பார்ப்பது பெரியோர் கடமையன்றோ?

கந்தசட்டியின் ஆறாம் நாளிலே சூரன்போர் பார்க்கிறோம். சூரன் ஒரே தலையோடு வருவதில்லை. யானைத்தலை விழுந்தால் சிங்கத்தலையோடு வருகிறான். அதுவும் விழுந்தால் வேறொரு தலை. முன்வரிசையில் நிற்கும் சிறுவனுக்குக்கூட, தலை மாறினாலும் வருகிறவன் சூரன்தான் என்று தெரியும். தமிழ்த் திரையின் வில்லனும் அப்படித்தான் தலை மாற்றி மாற்றி வந்திருக்கிறான். ஆனால் அவனுடைய கடைசித் தலையை மாத்திரம் நம்மால் அடையாளம் காண முடியவில்லை. அதைப் பற்றியதே என் பேச்சு.

முதலாவது தலை பெரியவர்கள் அறிந்தது. 1957இல் வெளிவந்த ‘மகாதேவி’யில் பி. எஸ். வீரப்பா சிரித்த சிரிப்பைக் கேட்டவர்கள் அதை மறந்திருக்கமாட்டார்கள். எம். என். நம்பியார் கைகளைப் பிசைந்துகொண்டு ஒரு பார்வை பார்த்தால் போதும். இவன் தீயவன் என்று கொட்டகை முழுவதும் ஒரே தீர்ப்பு. அந்த நம்பியாரோ மதுவும் மாமிசமும் தொடாதவர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சபரிமலைக்குப் போன குருசுவாமி. 2008இல் மறைந்தார். அக்காலத்துப் படத்திலே தீமை முகத்தில் எழுதி ஒட்டப்பட்டிருந்தது. தீயவன் வேறு, நாம் வேறு. படம் முடிந்து வெளியே வருகிறவன் குளித்து முழுகியவன் போலச் சுத்தமாக வந்தான். அதுவே அப்படங்களின் சுகம், அதுவே அவற்றின் குறையும். தீமை எப்போதும் அடுத்த வளவுக்காரனுடையது என்ற நினைப்பு யாருக்குத்தான் கசக்கும்?

பிறகு தங்கக் கட்டி கடத்துகிறவன் வில்லனானான். இந்தியாவிலே 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது, 1990இல் நீக்கப்பட்டது. சட்டம் போனதும் கடற்கரையில் மட்டுமன்றித் திரையிலும் அந்தக் கடத்தற்காரனுக்கு வேலை போயிற்று. நிற்க.

1987ஆம் ஆண்டு தீபாவளிக்கு மணிரத்தினத்தின் ‘நாயகன்’ வந்தது. நடித்தவர் கமலகாசன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்குப் போய், துறைமுகமும் தாராவியும் நடுங்க வாழ்ந்த வரதராஜ முதலியாரின் வாழ்விலிருந்து பிறந்தது கதை. அதிலே வரும் வேலு நாயக்கர் வீரப்பாவைப் போலச் சிரிப்பதில்லை. அவர் அழுகிறார். தகப்பனைப் பொலிசார் சுட்டுக் கொன்ற பிள்ளை அவர். வளர்த்த ஹுசேன் பாயும் பொலிஸ் காவலிலே கொல்லப்படுகிறார். அதற்குப் பழியாக வேலு அந்தப் பொலிஸ் அதிகாரி கேல்காரை ஊர் பார்க்க அடித்துக் கொல்கிறார். ஒருவரும் சாட்சி சொல்லவில்லை. நாமும் கொட்டகையில் இருந்து கைதட்டினோம். சாட்சி சொல்லாதவர்களோடு நாமும் சேர்ந்துகொண்டோம் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

நாலு பேருக்கு நன்மை உண்டாகுமானால் எந்தச் செயலும் பிழையில்லை என்ற பொருள்பட அப்படத்திலே ஒரு நீதி பேசப்படுகிறது. அந்த நாலு பேரைப் படம் நன்றாகக் காட்டுகிறது. கூரையிழந்தவன், வைத்தியத்துக்கு வழியில்லாதவன், நீதிமன்றத்தில் ஏழ்மையால் தோற்றவன், எல்லோரும் நாயக்கர் வாசலில் நிற்கிறார்கள். வெறுங்கையோடு ஒருவரும் திரும்புவதில்லை. நான் கேட்பது ஐந்தாவது ஆளைப் பற்றி.

ஐந்தாவது ஆளை மணிரத்தினம் மறைத்துவிட்டார் என்று நான் சொல்லவில்லை. ஓரத்திலே நிறுத்தியிருக்கிறார். கேல்காருக்கு ஒரு மனைவி; அறிவு வளர்ச்சி குன்றிய ஒரு மகன், அஜித். வேலு அந்தக் குடும்பத்துக்குப் பணம் கொடுத்துத் தாங்குகிறார். தகப்பனைக் கொன்ற அதே கை பிள்ளைக்குச் சோறு போடுகிறது. இதைப் பெருந்தன்மை என்று ரசிகன் நினைக்கிறான். ஆனால் படம் முழுவதிலும் இதைப்போல அச்சந்தருகிற காட்சி வேறில்லை என்பது என் எண்ணம். கடைசியில் நீதிமன்றம் விடுதலை செய்த வேலுவைச் சுட்டு வீழ்த்துகிறவன் அந்த அஜித்தே. சாட்சியில்லை என்று சட்டம் விட்டது. அவனுக்குச் சாட்சி தேவைப்படவில்லை.

இன்னொருத்தி மகள் சாருமதி. தகப்பனின் பணத்திலே படித்தவள், தகப்பனின் தொழிலை நேரே கண்டதும் கேள்வி கேட்கிறாள். பதில் வராதபோது வீட்டைவிட்டுப் போகிறாள். நாம் ஒவ்வொரு முறையும் அழுகின்ற வேலுவோடு இருந்துவிடுகிறோம். வெளியே போன பெண்ணின் பின்னால் நம் மனம் போவதில்லை. பேரப்பிள்ளை தாத்தாவைப் பார்த்து, நீங்கள் நல்லவரா கெட்டவரா என்று கேட்க, அவர் தெரியவில்லையே என்கிறார். நாடே அந்தப் பதிலைக் கேட்டு உருகிற்று. பெரியவர்களே, அவருக்குத் தெரியாமலிருக்கலாம். கேல்காரின் விதவைக்குத் தெரியாதா?

மெய்யான வரதராஜனாரின் கதைக்கு வருவோம். பம்பாயிலே 1949இல் வந்த மதுவிலக்குச் சட்டத்தின் நிழலில் வளர்ந்தது கள்ளச்சாராய வியாபாரம். நம் பக்கத்துப் பேச்சிலே கசிப்பு. இரயில் நிலையத்தில் சுமை தூக்கிய அவர் பெரும்பொருள் சேர்த்தது முதன்மையாக அதனால். படத்திலே நாம் காண்பதோ கடல்வழிக் கடத்தல். உப்பு மூட்டையோடு சரக்கைக் கடலில் அமிழ்த்தி, உப்புக் கரைந்ததும் சரக்கை மிதக்கவைக்கிற தந்திரத்தைக் கண்டு வாய்பிளக்கிறோம். சாராயம் குடித்துக் குடல் வெந்தவனின் வீட்டுக் கதவைப் படம் தட்டவில்லை. அவனும் அதே தாராவித் தமிழன்தானே? படமெடுத்தவர்களின் திறமையில் எனக்கு ஐயமில்லை. கமலகாசனுக்கும், ஒளிப்பதிவாளர் பி. சி. ஸ்ரீராமுக்கும், கலை இயக்குநர் தோட்டா தரணிக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன, அவை தகுதியானவை. திறமை மிக்க படமாதலினாலேதான் இவ்வளவு நேரம் அதனோடு வழக்காடுகிறேன்.

நம் மண்ணுக்கு இந்தக் கதை புதிதன்று. மட்டக்களப்பிலே கர்ணனுக்கு அழாத களரி உண்டா? கொடுத்துச் சிவந்த கை என்று அவன் கையைப் பாடுகிறோம். செஞ்சோற்றுக்கடன் தீர்த்தவன் என்று தலைசாய்க்கிறோம். மணிரத்தினமும் 1991இல் ‘தளபதி’ எடுத்தபோது கர்ணனையும் துரியோதனனையும் இரண்டு அடியாட்களாக்கினார். ரஜினிகாந்தும் மம்முட்டியும் அவ்வேடங்களைத் தாங்கினர். ஆனால் சூதாடிய சபையை நினைத்துப் பாருங்கள். திரௌபதையைச் சபைக்கு இழுத்து வந்தபோது வீட்டுமர் இருந்தார், துரோணர் இருந்தார். வாய் திறந்து இது அநீதி என்று சொன்னவன் கௌரவர் நூற்றுவருள் ஒருவனான விகர்ணன் என்னும் இளைஞன். அவனை அதட்டி அடக்கி, அவள் துகிலைக் களையச் சொன்னவன் யார்? வியாச பாரதம் சொல்கிறது: கர்ணன். கேட்டவர்க்கெல்லாம் கொடுத்த அதே கர்ணன். பாண்டிருப்பிலே திரௌபதை அம்மனுக்குத் தீமிதிக்கிற நாம் அந்தச் சபையை மறக்கலாகாது. கொடையாளி என்பதும் உண்மை, சபையில் செய்ததும் உண்மை. நம் இதிகாசம் இரண்டையும் ஒரே மனிதனில் வைத்துக் காட்டிவிட்டு, கணக்கைக் கழித்துவிடாமல் விட்டுவைக்கிறது.

வில்லனைப் பெருமைப்படுத்துவதே பிழை என்று யாரும் என்னைத் திருத்த வேண்டாம். நான் அப்படிச் சொல்லவில்லை. மௌனகுரு எழுத, பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையிலே 1960களில் மேடையேற்றிய ‘இராவணேசன்’ கூத்து இராவணனை அவலத் தலைவனாக்கிற்று. வீழ்ச்சியைக் கண்டு நெஞ்சு கனத்தது. ஆயினும் அவன் சீதையைக் கவர்ந்தது சரி என்று களரியை விட்டு எழுந்தவன் ஒருவனுமில்லை.

நாயகனுக்கு மூத்த தமையன் அமெரிக்காவிலே இருக்கிறான்: 1972இல் வந்த ‘காட்ஃபாதர்’. அதன் தொடக்கத்திலே மகளைக் கெடுக்க முயன்று அடித்துச் சிதைத்தவர்களுக்குச் சட்டம் தண்டனை தரவில்லை என்று ஒரு சவப்பெட்டிக் கடைக்காரன் முறையிடுகிறான். பெரியவர் காசு கேட்கவில்லை; நட்பைக் கேட்கிறார். என்றைக்காவது ஒருநாள் ஒரு உதவி கேட்பேன் என்கிறார். கூட்டக் குற்றத்தின் முதலீடு துப்பாக்கியன்று, இந்தக் கடன்தான். வட்டி எழுதப்படாத கடன்.

அந்தப் படத்தைப் பற்றிய ஒரு சங்கதி சங்கம் நடத்துகிற நமக்கெல்லாம் உறைக்கவேண்டியது. இத்தாலிய அமெரிக்கரின் மானத்தைக் காப்பதாகச் சொல்லி ஒரு உரிமைச் சங்கம் நியூயோர்க்கில் எழுந்தது. அதன் வற்புறுத்தலால் 1971இல் படத்தின் வசனத்திலிருந்து ‘மாஃபியா’ என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். சங்கத்தைத் தொடக்கியவர் ஜோ கொலம்போ. நியூயோர்க் மாஃபியாவின் ஐந்து குடும்பங்களில் ஒன்றுக்கு அவரே தலைவர். இனமானம் பேசி ஊர்வலம் போன ஆயிரக்கணக்கானவர்கள் நல்ல மனிதர்கள்தாம். கொலம்பியாவிலும் பப்லோ எஸ்கோபார் ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தான். 1993இல் அவன் சுடப்பட்டபோது பிணத்தின் பின்னால் பெருங்கூட்டம் அழுதுகொண்டு போயிற்று.

வரதராஜனாரோ மாட்டுங்கா இரயில் நிலையத்தருகே ஆண்டுதோறும் கணபதிப் பந்தல் போட்டார். பம்பாயே வந்து பார்க்கும் பந்தல் அது. 1980களில் பொலிஸ் அதிகாரி பவார் அவருடைய தொழிலை முடக்கத் தொடங்கியதும் பந்தலும் சுருங்கிற்று. அவர் சென்னைக்குப் போய் 1988இல் இறந்தார். பந்தலில் கும்பிட்டவனைக் குறை சொல்ல எனக்கு நா வரவில்லை. ஆனால் பந்தல் சபையிலே கணக்கெழுதினவன் ஒருவன் இருந்திருப்பான் அல்லவா? பணம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியும். அவன் வீரப்பாவைப் போலச் சிரித்திருக்கமாட்டான். பற்றுச்சீட்டை ஒழுங்காக எழுதி, தேதி போட்டுக் கொடுத்திருப்பான்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பத்திரிகைகளில் பாதாள உலகக் கோஷ்டி என்ற சொல்லும், ஐஸ் என்ற போதைப்பொருளின் பெயரும் வராத வாரமில்லை. வாவிக்கரை ஊர்களுக்கு அவை வரா என்று யார் உறுதி சொல்வது? வரும்போது கசிப்புப் போத்தலோடும் கத்தியோடும் வராது. விளையாட்டுக் கழகத்துக்குப் பந்தும் சட்டையும் வாங்கித் தரும். திருவிழாவுக்கு ஒரு நாள் உபயம் ஏற்கும். செத்த வீட்டுக்கு முதல் ஆளாக வரும். “அவன் என்ன செய்தாலும் ஊருக்குச் செய்யிறான்தானே” என்று திண்ணையிலிருந்து ஒரு அப்பச்சி சொல்வார். அந்த ஒரு வசனம் போதும். வேலு நாயக்கருக்கு நம்மூரிலும் வாசல் திறந்தாயிற்று.

இளைஞர்களே, இவ்வகைப் படங்களைப் பார்க்கவேண்டாம் என்று நான் தடைபோட வரவில்லை. தடை போட்டாலும் கேட்கமாட்டீர்கள். உண்மையைச் சற்று நெருங்கியவையும் உள. செல்வராகவனின் ‘புதுப்பேட்டை’ 2006இல் வந்தது. அதில் சோற்றுக்காகக் கூட்டத்தில் சேர்ந்த கொக்கி குமாரன், நண்பனின் தங்கை மணவறையில் இருக்கையிலே பலாத்காரமாகத் தாலி கட்டுகிறான். அந்த இடத்தில் கைதட்ட எவனுக்கும் கை எழாது. இறுதியில் அவன் அரசியல்வாதியாக வெள்ளை வேட்டியோடு நிற்கிறான். வெற்றிமாறனின் ‘வடசென்னை’, 2018, தலைவனை அவன் வளர்த்தவர்களே மேசையில் வைத்து வெட்டுவதைக் காட்டுகிறது. விசுவாசம் என்று இவர்கள் பேசுகிற பேச்சின் விலை அங்கே தெரியும். ‘பாட்சா’வைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. அது திருவிழா, இரகுவரன் மெதுவாகப் பேசிய பேச்சுக்காக ஒரு முறை பார்க்கலாம்.

செயற்குழுவினரிடம் ஒரு வேண்டுகோள் வைத்து அமர்கிறேன். பரீட்சைகள் முடிந்தபின் ஒரு போயா தினத்திலே நம் மண்டபத்தில் ‘நாயகன்’ படத்தைத் திரையிடுங்கள். பெரியவர்களும் வரட்டும். படம் முடிந்தவுடன் விளக்கைப் போட்டு, கதவைச் சாத்தி, ஒரு வழக்காடுமன்றம் நடத்துவோம். வேலு நாயக்கருக்காக வாதாட இவ்வூரிலே ஆள் பஞ்சமில்லை; முன்வரிசையில் இப்போதே மூன்று பேர் துடித்துக்கொண்டிருப்பது தெரிகிறது. சாருமதியின் கட்சியை நான் எடுத்துக்கொள்கிறேன். அஜித்துக்காகப் பேசத்தான் ஒருவர் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் விழா முடிந்ததும் செயலாளரைச் சந்திக்கலாம்.