துணை நோயுற்ற வீட்டில் பாட்டு



பட்டாசு ஆலையில் பாடுபட்டுத் திரும்பி, படுத்த படுக்கையான மனைவிக்குக் கஞ்சி ஊட்டும் கணவர்கள் நம் சிவகாசி வட்டாரத்தில் உண்டு. கணவரைப் பேணும் மனைவியரும் உண்டு. அவர்களில் ஒருவர் ஆர்மோனியத்தைத் திறந்து புது மெட்டு அமைத்தால், "வீட்டில் நோயாளி கிடக்க, பாட்டு ஒரு கேடா?" என்று நாம் கேட்கலாமா?

1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் இசைநூலை வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதர், தென்காசிப் பக்கத்துச் சாம்பவர்வடகரையில் பிறந்தவர், சித்த மருத்துவர். பிறருக்கு மருந்து கொடுத்த அவரே கீர்த்தனைகளும் இயற்றினார். நோயாளியைப் பேணுகிற நெஞ்சுக்கும் மருந்து வேண்டும். துணையின் நோயைத் தீர்க்க இயலாதவர், ஒரு பாட்டையேனும் தம் கையால் நிறைவாக்கி ஆறுதல் பெறுகிறார்.

ஆகவே, வாரம் ஒரு மணி நேரம் அந்தக் கட்டிலருகே நாம் அமர்வோம், அவர் பாடட்டும். நம் பங்கின் காணிக்கை இதுவாகட்டும்.