மகேந்திரன் மனம் மாறிய கதை



கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையை வணங்கிவிட்டு இந்த மேடைக்கு வந்திருக்கிறேன். ஓரி ஆண்ட மலையில் பல்லவன் மகேந்திரனுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பல்லவர் கதையைச் சொன்ன கல்கி, தம் 'பார்த்திபன் கனவு' நாவலில் கபாலிகர்களை இந்தக் கொல்லிமலையில்தான் குடிவைத்தார். ராஜாஜியுடன் சேர்ந்து 'விமோசனம்' இதழுக்காக அவர் உழைத்த திருச்செங்கோடு காந்தி ஆசிரமமும் நம் நாமக்கல் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே கல்கி உங்களுக்கு அயலார் அல்லர்.

இன்று பேச எடுத்துக்கொண்டது அவருடைய 'சிவகாமியின் சபதம்'. 1944 முதல் 1946 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்தது. காதல் கதையாகவும் வாதாபிப் போர்க் கதையாகவும் அதைப் படித்து வளர்ந்தோம். பலமுறை படித்த பிறகு எனக்கு அது அரண்மனைக்குள் நடந்த ஆன்மத் தேடலின் கதையாகத் தெரிகிறது.

அந்தத் தேடலின் ஒரு தடம் திருச்சியில் கல்லில் இருக்கிறது. மலைக்கோட்டையில் உச்சிப் பிள்ளையாரைப் பார்க்கப் படியேறுகிறவர்கள் வழியில் ஒரு குடைவரையைக் கடந்துபோவார்கள். அடுத்த முறை அங்கே நில்லுங்கள். உள்ளே சடையை நீட்டிக் கங்கையைத் தாங்கும் சிவன் புடைப்புச் சிற்பமாக நிற்கிறார். தூண்களில் வடமொழிச் சுலோகங்கள். அவற்றில் ஒன்று, குணபரன் என்னும் அரசன் இலிங்கத்தை வழிபட்டதையும், மாற்றுப் பக்கத்து நெறியிலிருந்து ஞானம் திரும்பியதையும் சொல்கிறது. குணபரன் என்பது பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப்பெயர். அந்தச் சுலோகம் முழுவதும் சிலேடை. இலிங்கம், மாற்றுப் பக்கம் என்னும் சொற்கள் தருக்க நூலின் கலைச்சொற்களும்கூட. தன் வாழ்க்கையின் மிகப் பெரிய திருப்பத்தை இரட்டைப் பொருளில் கல்லில் வெட்டிவைத்த மனம் எப்படிப்பட்டது! ஆனாலும் அந்தச் சுலோகம் மதமாற்றத்தைத்தான் சொல்கிறதா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

இந்த மாற்றத்தைப் பற்றிப் பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் கதை வேறு தொனியில் வருகிறது. திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் சமணத்தில் சேர்ந்து தருமசேனர் ஆகிறார். சூலைநோய் வாட்ட, தமக்கை திலகவதியாரிடம் திரும்பிவந்து திருவதிகையில் திருநாவுக்கரசர் ஆகிறார். சமணத்தைச் சார்ந்த பல்லவ அரசன் அவரை நீற்றறையில் இடுகிறான், நஞ்சூட்டுகிறான், யானையை ஏவுகிறான், கல்லோடு கட்டிக் கடலில் எறிகிறான். கடைசியில் அவனே சைவனாகிறான். அந்த அரசன் மகேந்திரன் என்று பெரியபுராணம் பெயர் சொல்லவில்லை. ஐந்து நூற்றாண்டு கழித்து எழுதிய பக்தக் கவிஞர் சேக்கிழார்.

இதே மகேந்திரன்தான் 'மத்தவிலாசம்' என்னும் நகைச்சுவை நாடகத்தை எழுதினான். கபாலியின் மண்டையோட்டைக் காணோம், பௌத்தத் துறவிமேல் பழி, கடைசியில் நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் குடைந்தான். எல்லாச் சமயத்தையும் கூர்ந்து பார்த்தவன், எதற்கும் எளிதில் வசப்படாதவன் அவன்.

கல்கியின் நாவல் தொடங்கும்போது மகேந்திரன் ஏற்கெனவே சைவனாகிவிட்டான். நாவுக்கரசர் மடத்தில் படிக்கப் பரஞ்சோதி காஞ்சிக்கு நடந்து வருகிறான். அந்தப் பரஞ்சோதி படைத்தலைவனாகிச் சாளுக்கியத் தலைநகர் வாதாபியை எரிக்கிறான். பிறகு வாளை வைத்துவிட்டுச் சிவனடியாராகிறான். 642இல் வாதாபி வீழ்ந்தது வரலாறு. அதை வென்ற தளபதியே திருச்செங்காட்டங்குடிச் சிறுத்தொண்டர் என்பது சைவ மரபு. வாதாபி எரிந்து தன் சபதம் நிறைவேறிய நடனப் பெண் சிவகாமி, காஞ்சி ஏகாம்பரநாதர் சந்நிதியில் தன்னை ஒப்படைக்கிறாள். வெற்றி கையில் கிடைத்த பிறகும் நிறையாத நெஞ்சைக் கல்கி இருவரிடமும் காட்டினார். நாவலின் உச்சம் வாதாபிக் கோட்டையில் இல்லை, இந்த இருவரின் துறவில் இருக்கிறது என்பது என் முடிவு.

ஆனால் நாவல் தொடங்குமுன்பே முடிந்துபோன, மகேந்திரனின் மனம் மாறிய அந்த இரவு? நாவுக்கரசரைக் கடலில் எறியச் சொன்ன வாய் எப்படி மன்னிப்புக் கேட்டது? அவனை நம்பியிருந்த சமண முனிவர்கள் அன்று எந்த ஊருக்கு நடந்தார்கள்? அவர்கள் கண்ணீரையும் எழுதாமல் அந்தக் கதை முழுமை அடையாது. வென்றவர் பக்கமே நின்று எழுதினால் அது தலபுராணம்தான் ஆகும், நாவல் ஆகாது.

மாணவர்களே, அந்த மன்னனை மாற்றியதாகச் சொல்லப்படும் நாவுக்கரசர் தம் பதிகத்தில் கொல்லி அறப்பள்ளியைப் பெயர் சொல்லிப் பாடியிருக்கிறார். வளப்பூர் நாட்டில் நீங்கள் விளக்கேற்றும் அறப்பளீசுவரர் கோயில்தான் அது. அவர் பாடிய மலையில் பிறந்தவர்கள் நீங்கள். மகேந்திரனின் அந்த ஓர் இரவை உங்களில் ஒருவர் எழுத வேண்டும். முதலில் திருச்சிக் குடைவரைக்குப் போய், அந்தத் தூணின் முன் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.