திருப்பியனுப்பிய விண்ணப்பம்

(கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



ஒவ்வோராண்டும் இந்த மேடையில் அதிக மதிப்பெண் எடுத்த பிள்ளைகளைப் பற்றித்தான் பேசுவோம். இந்த ஆண்டு நாங்கள் திருப்பியனுப்பிய ஒரு விண்ணப்பத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

நமது உதவித்தொகைப் படிவத்தில் 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும் என்று ஒரு வரி உண்டு. கையில் பணம் குறைவு, கேட்பவர்கள் அதிகம் என்பதால் நாங்களே சேர்த்த வரி அது. ஒரு தாய் தன் மகனுக்காக இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து மனுப் போட்டார். இரண்டு முறையும் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தோம், ஒதுக்கி வைத்தோம். மூன்றாம் ஆண்டு அவர் வரவில்லை. விசாரித்தால், பையன் ஏழாம் வகுப்போடு நின்று செருப்புக் கடையில் வேலை பார்ப்பதாகச் சொன்னார்கள்.

அந்தப் பையன் நமக்குத் தெரியாதவன் அல்லன். நமது மக்தபில் ஓதியவன். காதால் கேட்டே யாஸீன் சூராவை முழுமையாக ஒப்புவிப்பான். பார்த்து ஓதச் சொன்னால் மட்டும் தடுமாறுவான். பா, தா, ஸா மூன்றுக்கும் வடிவம் ஒன்று, புள்ளிதான் வேறு. அந்தப் புள்ளிகளில் அவன் ஒவ்வொரு நாளும் விழுந்தான். பள்ளிக்கூடத்தில் ல, ள, ழ அதே பாடு. ஞாபகசக்தி இருக்கிறது, படிக்கத்தான் சோம்பல் என்று நாங்களே முடிவுகட்டினோம். பிரம்பும் எடுத்திருக்கிறோம். அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

அவனைத் திரும்ப அழைக்கப் போனபோது வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் ஒருவரும் எங்களுடன் வந்தார். அரைமணி நேரம் அவனோடு உட்கார்ந்து பேசிவிட்டு, முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள் என்றார். இரண்டிலும் குறையில்லை. பிறகு மருத்துவர்கள் பார்த்துச் சொன்னார்கள்: கற்றல் குறைபாடு, டிஸ்லெக்சியா. அறிவுக்குறைவு அல்ல, எழுத்தையும் ஒலியையும் மூளை இணைப்பதில் உள்ள சிரமம். அவன் கேட்டு மனப்பாடம் செய்ததும், பார்த்து ஓதத் திணறியதும் பல வருடங்களாக நம் கண்முன்னே இருந்த அடையாளங்கள். நமக்குப் படிக்கத் தெரியவில்லை.

1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அவை 21 ஆயின; கற்றல் குறைபாடு, ஆட்டிசம் எல்லாம் அதில் அடக்கம். 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. "எங்கள் பள்ளிக்கு ஒத்துவராது" என்று அங்கீகாரம் பெற்ற பள்ளி கைவிரிக்க முடியாது.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ அரசுத் தேர்வுகளில் இத்தகைய பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் இருக்கின்றன. ஆனால் மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். ஹால் டிக்கெட் வந்தபிறகு ஓடிவந்து எங்களைச் சிபாரிசு செய்யச் சொன்னால் நாங்கள் என்ன செய்வது? ஒன்பதாம் வகுப்பிலேயே அந்த வேலையைத் தொடங்குங்கள்.

சான்றிதழ் என்றதும் வீட்டில் எழும் பேச்சு எங்களுக்குத் தெரியும். "பொம்பளைப் பிள்ளை, நாளைக்கு நிகாஹ் பேச வருவார்கள், ஊருக்குத் தெரிந்தால்?" சான்றிதழை யாரும் தெருவில் ஒட்டுவதில்லை, தாய்மார்களே. அது உங்கள் பீரோவில்தான் இருக்கும். அது இல்லாமல் ஒவ்வொரு பரீட்சையிலும் தோற்று வீட்டோடு நின்றுவிடும் பிள்ளையைத்தான் ஊர் பார்க்கிறது. தாயத்துக்கும் மந்திரித்த தண்ணீருக்கும் அலைந்த நாட்களில் பாதியை மருத்துவமனைக்குக் கொடுத்திருந்தால் போதும் என்று ஒரு வாப்பா எங்களிடம் அழுதார்.

பார்வையற்ற ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் ரலியல்லாஹு அன்ஹு அவர்களை நாம் அறிவோம். அவர்கள் கற்றுக்கொள்ள வந்த நேரத்தில் கவனம் குறைஷித் தலைவர்கள் பக்கம் இருந்ததைப் பற்றி அபஸ சூராவே இறங்கியது. பின்னர் அவர்கள் மதீனாவில் முஅத்தினாக நியமிக்கப்பட்டார்கள். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் வெளியூர் சென்ற சமயங்களில் மதீனாவின் பொறுப்பும் அவர்களிடம் விடப்பட்டது. இதை எத்தனையோ மீலாத் மேடைகளில் பேசிய நாங்கள்தான் 60 விழுக்காடு என்றும் எழுதினோம்.

அந்த வரியை இந்த ஆண்டு எடுத்துவிட்டோம். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு மதிப்பெண் கேட்க மாட்டோம். பரிசோதனைக்கும் சான்றிதழுக்கும் போய்வரும் செலவை அறக்கட்டளை ஏற்கும். ஒருநாள் கூலியை இழந்து வரும் பெற்றோருக்கு அதையும் சேர்த்துத் தருவோம். மக்தப் உஸ்தாத்மார்களோடும் பேசியிருக்கிறோம்: பிரம்பு கிடையாது, ஓதத் திணறும் பிள்ளையின் பெயரை எங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் பையன் இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கிறான். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்பட்டு வாரத்தில் ஒருநாள் மட்டம் போடுகிறான். அன்று நம்மில் ஒருவர் அவன் வீட்டுக்குப் போய்வருகிறோம். அவனுடைய உம்மா இன்று இந்தக் கூட்டத்திற்கு வந்திருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்றார். விண்ணப்பத்தை மட்டும் மீண்டும் கொடுத்திருக்கிறார்.

புதிய படிவம் வாசலில் இருக்கிறது. எழுத முடியாதவர்கள் திங்கட்கிழமை மஃரிபுக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள், நாங்களே எழுதித் தருகிறோம்.

வஸ்ஸலாம்.